கணவருக்கு ஹெபடைடிஸ் பி: வீட்டில் யார் யாருக்குத் தடுப்பூசி தேவை?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். சென்ற மாதம் அங்கே நடந்த முகாமில் ரத்ததானம் செய்தார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைத்து, அவருக்கு ஹெபடைடிஸ் பி ‘பாசிட்டிவ்’ என்று கடிதம் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்கு வயது 46. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு. மகனுக்கு 20 வயது, லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறான். மகளுக்கு 25 வயது, ஆறு மாதக் கர்ப்பிணி; அடுத்த மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அவருடைய தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மகளை இந்த வீட்டுக்கு அழைத்து வரலாமா? எங்களில் யார் யார் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், அவருக்கும் போட வேண்டுமா? கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார் மாமியார். இது அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.
வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் நீங்கள் தயங்கி எழுதியிருக்கும் சந்தேகத்துக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீராமல் மற்றவற்றில் உங்கள் மனம் நிலைக்காது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தின் மூலமாகவும், உடலுறவின் மூலமாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. ஆனால், வந்த வைரஸ் உடலிலேயே தங்கிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொற்றிய வயதுதான். பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ தொற்றினால் 100 பேரில் சுமார் 90 பேருக்கு அது தங்கிவிடுகிறது. ஐந்து வயதுக்குள் தொற்றினால் மூன்றில் ஒருவருக்கு, சில சமயம் பாதிப் பேருக்குத் தங்குகிறது. வளர்ந்தபின் தொற்றினால் 100-ல் ஐந்து பேருக்குக்கூடத் தங்குவதில்லை. மற்றவர்களின் உடல் சில மாதங்களில் அதைத் தானாகவே அப்புறப்படுத்திவிடுகிறது. ஆகவே, எந்தத் தொந்தரவும் இல்லாத 51 வயதுக்காரரின் ரத்தத்தில் இந்த வைரஸ் தற்செயலாகத் தென்படும்போது, அவருக்கு நினைவு தெரியாத வயதிலேயே அது வந்திருக்க வேண்டும் என்றுதான் எங்களைப் போன்ற கல்லீரல் மருத்துவர்கள் முதலில் கருதுவோம். அவர் பிறந்த 1970-களில் ஒரே கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் போட்டெடுத்து ஒருவர் பின் ஒருவராக ஊசி போட்டார்கள். ஒரே கத்தியால் வரிசையாக மொட்டை அடித்தார்கள். வைரஸ் 1965-ல் அடையாளம் காணப்பட்டிருந்தும், முதல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1981-ல்தான். உங்கள் கணவர் மீது சந்தேகப்பட இந்தப் பரிசோதனை முடிவு எந்தக் காரணத்தையும் தரவில்லை. அந்தச் சந்தேகம் இப்போது மாமியார் பக்கம் திரும்பிவிடவும் கூடாது. தனக்கே தெரியாத ஒன்றைத் தாய் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் அதில் குற்றம் ஏதும் இல்லை.

உங்கள் கணவருக்குத் தடுப்பூசி தேவையில்லை. வைரஸ் வருவதற்கு முன்பே உடலைத் தயார்படுத்துவதுதான் தடுப்பூசியின் வேலை. ஏற்கெனவே குடியேறிவிட்ட வைரஸை அதனால் வெளியேற்ற முடியாது. ‘பாசிட்டிவ்’ என்றவுடன் அவசர அவசரமாக மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு, இனிக் கவலையில்லை என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்த ஊசியால் அவர்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது தரும் பொய்யான நிம்மதியால் கெடுதல் உண்டு. உங்கள் கணவருக்கு வேண்டியது வேறு. ரத்த வங்கியின் முடிவை ஒரு முறை உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு வைரஸின் அளவு, கல்லீரல் நொதிகள், வயிற்று ஸ்கேன், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து, மாத்திரை தேவையா இல்லையா என்று கல்லீரல் மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற தினசரி மாத்திரைகள் வைரஸை நன்றாகவே அடக்கி வைக்கின்றன. தேவையில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை அவசியம், ஏனென்றால் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் சிரோசிஸும் கல்லீரல் புற்றுநோயும் வலியில்லாமலே வளரும். மது அறவே கூடாது. இனி ரத்ததானம் செய்யக் கூடாது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின் கீழ் இந்தப் பரிசோதனைகளும் மாத்திரைகளும் இலவசமாகவே தரப்படுகின்றன. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் போய்க் கேளுங்கள்.

இப்போது தடுப்பூசிக்கு வருகிறேன். ஹெபடைடிஸ் பி உள்ளவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் ஒவ்வொருவரும், அவருடைய வாழ்க்கைத் துணையும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வைரஸும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று தெரிந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பரிசோதனை என்றதும் பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அது வைரஸ் இப்போது உடலில் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எச்.பி.எஸ்.ஏ.ஜி., எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி எச்.பி.எஸ்., வைரஸ் எப்போதாவது உடலுக்குள் வந்திருக்கிறதா என்று காட்டும் ஆன்டி எச்.பி.சி. டோட்டல். மூன்றும் இல்லை என்று வந்தால் உங்களுக்குத் தடுப்பூசி வேண்டும். முதலாவது இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன என்று வந்தால், வைரஸ் எப்போதோ வந்து போயிருக்கிறது, உடலே அதை வென்றிருக்கிறது, ஊசி தேவையில்லை. ஆனாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்க நேர்ந்தால், உறங்கிக் கிடக்கும் வைரஸ் மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் அந்த மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். ஆன்டி எச்.பி.எஸ். மட்டும் இருந்தால் ஏற்கெனவே போட்ட தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஆன்டி எச்.பி.சி. மட்டும் இருந்தால் நீங்களாக ஒரு முடிவுக்கு வராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிவு வரட்டும், பிறகு ஊசியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தம் எடுத்த அன்றே, எடுத்த பிறகு, முதல் தவணையைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஏற்கெனவே வைரஸ் இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் அந்த ஒரு ஊசியால் எந்தத் தீங்கும் வராது. இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. இந்தத் தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே, அதுவும் ஈஸ்ட் செல்களில் வளர்த்தெடுக்கப்பட்டது. அதனால் நோய் வர வழியே இல்லை. ஆனால் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை தேடுவதும் அதே புரதத்தைத்தான் என்பதால், ஊசி போட்ட சில வாரங்களுக்குள் ரத்தம் கொடுத்தால் நோய் இல்லாதவருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று வந்து வீட்டையே கலக்கிவிடக்கூடும். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

நீங்கள் அவருடைய மனைவி என்பதால், வீட்டில் மிக முக்கியமாகத் தடுப்பூசி பெற வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி வயதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. பெண்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்துத் தங்கள் முறையை அடுத்த மாதம் என்று விட்டுவிடுவது எனக்குப் புதிதல்ல; இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து உங்களையே முதலில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் ஊசி இன்று என்றால் இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம். மூன்றாவது முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்.பி.எஸ். அளவைப் பாருங்கள், அது ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறையாமல் இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். குறைந்தால் மூன்று தவணையையும் இன்னொரு முறை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த முடிவு கைக்கு வரும்வரை உடலுறவின்போது ஆணுறை பயன்படுத்துங்கள். அதன் பிறகு உங்கள் இல்லற வாழ்க்கைக்கு இந்த நோய் ஒரு தடையே இல்லை.

மகன் லேப் டெக்னீஷியன் ஆகப் போகிறவன். வீட்டில் யாருக்கும் நோய் இல்லாமல் இருந்திருந்தாலும் அவனுக்கு இந்தத் தடுப்பூசி வேண்டும். தடுப்பூசி போடாத ஒருவரின் விரலில், வைரஸ் அதிகமுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை போகும், எச்.ஐ.வி.க்கு அதே விபத்தில் வாய்ப்பு 1000-க்கு மூன்றுதான். அவன் பிறந்த காலத்தில் அரசின் தடுப்பூசி அட்டவணையில் நாடு முழுவதும் இது சேர்ந்திருக்கவில்லை. 2011-ல்தான் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி முதன்முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில், தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டவர்களுக்கே பெரும்பாலும் இது கிடைத்திருக்கும். பழைய அட்டை கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்; கிடைக்காவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள், இரண்டு முறை போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அஞ்ச வேண்டாம். செய்முறைப் பயிற்சிக்காக மருத்துவமனைக்குள் நுழையும் முன் குறைந்தது இரண்டு தவணையாவது முடித்திருப்பது நல்லது. மூன்றும் முடிந்தபின் எதிர்ப்புச் சக்தியை அளந்து, அந்தத் தாளை அவன் தன் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். நாளை ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்று முடிவெடுக்க முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

மகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். தாய் வீட்டில் பிரசவம் பார்ப்பதற்கு அப்பாவின் நோய் காரணமாகத் தடை ஏதும் இல்லை. அவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனைத் தாள்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. முடிவு அநேகமாக ஏற்கெனவே இருக்கும். அதை முதலில் பாருங்கள். அதில் வைரஸ் இல்லை என்று இருந்தால், மற்ற இரண்டு பரிசோதனைகளையும் எடுத்துவிட்டு, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் இப்போதே தடுப்பூசியைத் தொடங்கலாம். இது உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் போடலாம். ஆறாம் மாதத்தில் தொடங்கினால் பிரசவத்துக்கு முன் இரண்டு தவணை முடிந்துவிடும், மூன்றாவதைக் குழந்தையோடு வந்து போட்டுக்கொள்ளலாம்.

ஒருவேளை அவளுக்கே வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால், அவள் வளர்ந்தது இதே வீட்டில்தான் என்பதால் அது நடக்காத ஒன்றல்ல, உடனே மகப்பேறு மருத்துவரிடமும் கல்லீரல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். வைரஸின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்துக் குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்கிறார்கள். அவளுக்கு ஆறு மாதம் நடக்கிறது என்பதால், இந்தப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும். அந்த ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் கையிருப்பில் இருக்காது. வலி எடுத்த பிறகு தேடி அலையாமல் ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இந்த வைரஸுக்காக சிசேரியன் தேவையில்லை, தாய்ப்பால் கொடுக்கலாம். அவளுடைய கணவருக்கும் அப்போது பரிசோதனையும் தடுப்பூசியும் வேண்டும்.

மகளுக்கு வைரஸ் இல்லாவிட்டாலும், பேரக்குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தவணையை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிறந்தது, ஊசி போடுகிறவர் நாளை வருவார், எடை குறைவாக இருக்கிறது, முதல் பேரன் அழுகிறான் பாவம் என்று அந்த ஒரு நாள் நழுவிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு மாற்றும்போதே, மூன்றும் கொடுத்தாயிற்றா என்று செவிலியரிடம் கேளுங்கள்: காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. அதன் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியோடு இதுவும் சேர்ந்தே வந்துவிடும். தாத்தா பேரனைத் தூக்கலாம், கொஞ்சலாம், மடியில் வைத்து உறங்க வைக்கலாம்.

மாமியாருக்கு 74 வயதில் எதற்கு என்று கேட்டிருப்பீர்கள். முதல் காரணம் பரிசோதனைதான். அவரிடம் வைரஸ் இருந்தால் அவருக்கும் கண்காணிப்பு வேண்டும். இல்லையென்றால், சர்க்கரை நோயும் வீட்டில் ஒரு நோயாளியும் இருப்பதால் அவருக்கும் தடுப்பூசி போடுவதே சரி. வயதானவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைவாகவே உருவாகிறது என்பதால் முடிவில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? அதில் விரலைக் குத்துவதற்குப் பேனா போன்ற ஒரு கருவி இருக்கும். அம்மாவுக்குப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு முறை பார்த்துவிடு என்று மகன் விரலை நீட்டுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. ஊசி முனையை மாற்றினாலும் அந்தப் பேனாவின் வாயில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருக்கும். இந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். முதியோர் இல்லங்களில் ஹெபடைடிஸ் பி பரவிய பல நிகழ்வுகளுக்குக் காரணமாக இருந்தது இப்படிப் பகிர்ந்துகொண்ட கருவிதான். அந்தப் பேனாவை இன்றே மாமியாருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, காதுகுத்தும் ஊசி, இவற்றையும் அவரவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை அணிந்து, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

பிரிக்க வேண்டியது இவ்வளவுதான். தட்டு, டம்ளர், துண்டு, படுக்கை, கழிப்பறை எதையும் பிரிக்க வேண்டாம். தண்ணீராலும் உணவாலும் பரவும் மஞ்சள் காமாலை வேறு; அதை உண்டாக்குபவை ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். மழைக்காலத்தில் குடிநீரில் கழிவுநீர் கலந்து நம் ஊரில் பரவுவது அதுதான். பி வைரஸ் ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, இருமல் தும்மலால் பரவாது, கட்டியணைப்பதால் பரவாது. முப்பது ஆண்டுக்கும் மேலாக வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்த மனிதருக்குத் தனித் தட்டு வைத்தால், அதனால் வீட்டில் யாருக்கும் பாதுகாப்பு கூடப் போவதில்லை. அவர் மனம் மட்டும்தான் உடையும். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமியார் சொல்வதை அறியாமை என்று ஒதுக்க மாட்டேன்; இதே சென்னையில்தான் அது முறையாக ஆராயப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு இணைந்து, 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது என்று அதில் இருந்தது. உலகமே ஆர்வத்தோடு அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் அதை இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதில்லை. கீழாநெல்லி சாப்பிட்டுக் காமாலை இறங்கியது என்று மாமியார் கண்ணால் கண்டதும் பொய்யாக இருக்காது. ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலையும், பெரியவர்களுக்குப் புதிதாக வரும் பி தொற்றும் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடுபவை. உங்கள் கணவருடையது அந்த வகை அல்ல. அவர் கண் மஞ்சளாகவே இல்லை என்பதால், அது வெளுப்பதை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஊசி போடும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரியவர்களுக்கு மேற்கையின் தசையில்தான் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே புட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. வழக்கமான அளவு ஒரு தவணைக்கு ஒரு மில்லிலிட்டர், 20 மைக்ரோகிராம். மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால், 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் அது இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று தெரிந்த பலருக்கு உறைந்தாலும் கெடும் என்பது தெரிவதில்லை. கடைக்காரர் ஐஸ் கட்டியோடு நேரடியாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், இடையில் ஒரு காகிதமோ துணியோ சுற்றச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள மருந்தைக் குலுக்கினால் பால் போல ஒரே சீராகக் கலங்கும். திரிதிரியாகத் தெரிந்தால் அது உறைந்து கெட்டது, போட வேண்டாம். விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே இதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலைக்கு அது இறங்கிவிட்டது.

நான் பார்க்கும் அட்டைகளில் பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கும், மூன்றாவது காலியாக இருக்கும். ஆறு மாதம் என்பது மறந்துபோவதற்குப் போதுமான காலம். நீண்ட காலப் பாதுகாப்பைத் தருவது அந்த மூன்றாவது ஊசிதான். தள்ளிப்போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; ஓராண்டு கழித்து நினைவு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்றும் முடித்து எதிர்ப்புச் சக்தி உருவானவர்களுக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் பாதுகாப்பு இருப்பது தெரியவந்திருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பூஸ்டர் ஊசி தேவையில்லை.

உங்கள் குடும்பத்தைப் போன்ற நிலையில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்கிறேன். மருத்துவமனைகளில் வேலை செய்யும் அனைவருக்கும் இது வேண்டும். மருத்துவரையும் செவிலியரையும்விட, வார்டைக் கூட்டித் துடைப்பவர்களும் மருத்துவக் கழிவுகளைச் சுமப்பவர்களும் அதிகம் விடுபட்டுப்போகிறார்கள், அவர்கள் கையில்தான் மூடப்படாத ஊசிகள் குத்துகின்றன. நகரத்தின் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இரட்டை அளவு மருந்து தேவை, ஆண்டுதோறும் எதிர்ப்புச் சக்தியையும் அளக்க வேண்டும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா, ஹீமோஃபிலியா நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், வேறு காரணங்களால் கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்கள், ஒருவருக்கு மேற்பட்ட பாலுறவுத் துணை உள்ளவர்கள் ஆகியோருக்கும் கட்டாயம் வேண்டும். இவை எதிலும் சேராத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லது. உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. இது கல்லீரல் புற்றுநோயையும் தடுக்கும் ஊசி. 1984-ல் வைரஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போடத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது, அதை உங்கள் கணவர்தான் செய்ய வேண்டும். அவருக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது இருந்தால், அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், அவரே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதால், இப்போது உடன் வசிக்காவிட்டாலும் அவர்களுக்கும் அந்த மூன்று பரிசோதனைகள் தேவை. உறவினர் மூலமாகக் காதில் விழுந்தால் அது வதந்தியாகிவிடும். அவரே சொன்னால் அது எச்சரிக்கையாகப் போய்ச் சேரும். ரத்த வங்கி கொடுத்த கடிதத்தின் நகலை அவர்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகும் இடத்தில் அதைக் காட்டினால், எந்தப் பரிசோதனை, எதற்காக என்று அவர்கள் நீட்டி விளக்க வேண்டியிருக்காது.